காரணத்தைச் சொல்லுங்கள்: இணைய விளையாட்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இணைய விளையாட்டுகளை உருவாக்கி நடத்துகிற நிறுவனங்களுக்கு,

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். பகலில் வேலை, இரவு சாப்பிட்ட பிறகு நண்பர்களோடு ஸ்குவாட் சேர்ந்து ஆடுவது என்று பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் குழுவில் கோயம்புத்தூரில் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவன், துபாயில் வேலை பார்க்கும் ஒருவர், கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வரும் ஓர் அக்கா என்று எல்லோரும் இருக்கிறோம். பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. இந்த நட்பு உண்டானது நீங்கள் கட்டிக் கொடுத்த இடத்தில்தான், அதற்கு மனமார்ந்த நன்றி. எங்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு குறை இருக்கிறது. எது நடந்தாலும் உங்களிடமிருந்து காரணம் வருவதில்லை, கேட்டாலும் பதில் வருவதில்லை. இந்த மடல் முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் ஐடி முடக்கம். எங்கள் தம்பி ஒருவனுடைய கணக்கு ஒருநாள் காலையில் நிரந்தரமாக முடக்கப்பட்டிருந்தது. எந்த நிறுவனம் என்று இங்கே சொல்லப் போவதில்லை, ஏனென்றால் உங்களில் பலரும் இதைச் செய்கிறீர்கள். திரையில் இருந்தது ஒரே ஒரு வரி: வெளி மென்பொருளைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். எந்த மேட்சில், எந்தத் தேதியில், எந்த மாதிரியான மென்பொருள் என்று ஒன்றும் இல்லை. முறையீட்டுப் பக்கத்தில் போய் விவரமாக எழுதினான். தேநீர் குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது, "உங்கள் கோரிக்கையைக் கவனமாகப் பரிசீலித்தோம், முடிவில் மாற்றம் இல்லை" என்று. மறுபடி எழுதினான், எழுத்து மாறாமல் அதே பதில். பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்த்த ரேங்க், ஸ்கின் என்கிற அலங்காரத் தோற்றங்கள், நண்பர் பட்டியல் எல்லாம் அந்த ஐடியோடு போயிற்று. அதைவிட, இத்தனை நாள் கூட ஆடியவர்கள் தன்னை ஹேக்கர் என்று நினைப்பார்களோ என்றுதான் அவன் வேதனைப்பட்டான்.

உங்கள் கருவி தவறே செய்யாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2023 அக்டோபரில் கணினிச் சில்லு நிறுவனமான ஏஎம்டி தன் கிராஃபிக்ஸ் டிரைவரில் ஒரு புதிய வசதியைக் கொண்டு வந்தது. அது விளையாட்டின் கோப்புகளில் கை வைத்த விதத்தைப் பார்த்து, கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற விளையாட்டின் பாதுகாப்பு முறை அதை ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொண்டு, டிரைவரை அப்டேட் செய்த ஆட்களைத் தடை செய்தது. பிறகு ஏஎம்டி அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது, அந்த விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம் தடைகளை நீக்கியது. மறுவருடம் அதே அக்டோபரில் ஆக்டிவிஷனும் கால் ஆஃப் டூட்டியில் தன் பாதுகாப்பு முறையில் இருந்த ஓர் ஓட்டையால் நேர்மையாக ஆடியவர்களின் கணக்குகள் பாதிக்கப்பட்டதை ஒப்புக்கொண்டு அவற்றை மீட்டுக் கொடுத்தது. இந்த இரண்டும் விஷயம் பெரிதாக வெடித்ததால் சரி செய்யப்பட்டன. தனி ஒருவனுக்கு நடந்தால் யார் கவனிப்பார்கள்?

உங்கள் தரப்பு நியாயமும் எனக்குப் புரிகிறது. எப்படிக் கண்டுபிடித்தோம் என்று சொன்னால் ஏமாற்று மென்பொருள் விற்கிறவன் அடுத்த வாரமே அதைத் தாண்டிப் போய்விடுவான். சரி, அதைச் சொல்ல வேண்டாம். எந்த நாளில், எந்த மேட்சில், குறி தானாகப் பிடிக்கும் வகையா, சுவருக்குப் பின்னால் பார்க்கும் வகையா, ஐடியை விற்றதாகவா என்று மட்டும் சொல்லுங்கள். நெடுநாள் ஆடிவரும் ஒரு கணக்கை நிரந்தரமாக மூடுவதற்கு முன் ஒரு மனிதர் அதைப் பார்க்கட்டும். ஐரோப்பாவில் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரியிலிருந்து முழுதாக நடைமுறையில் இருக்கிறது. பயனர்கள் தருவதைச் சேமித்து வைக்கும் ஹோஸ்டிங் சேவைகள், பயனரின் கணக்கை முடக்கினால், அதற்கான காரணத்தைத் தெளிவாக எழுத்தில் தர வேண்டும் என்கிறது அது. அங்கே இருப்பவருக்குச் சட்டப்படி கிடைக்கிற விளக்கத்தை இங்கே இருப்பவருக்கும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இதில் இன்னும் எரிச்சலூட்டுவது, உண்மையான ஹேக்கர்கள் நிம்மதியாகச் சுற்றுகிறார்கள். மேட்ச் முடிந்ததும் நாங்கள் ரிப்போர்ட் அடிக்கிறோம், அது என்ன ஆயிற்று என்று பெரும்பாலும் தெரிவதே இல்லை. டீம் ஃபோர்ட்ரஸ் 2 ஆட்களைக் கேளுங்கள். குறி தவறாமல் சுடும் தானியங்கி பாட்கள் வருடக்கணக்கில் அந்த விளையாட்டை நாசம் செய்தன. 2022-இல் ரசிகர்கள் ஒன்று சேர்ந்து குரல் கொடுத்தார்கள், நிலைமை மாறவில்லை என்று 2024 ஜூனில் மறுபடி லட்சக்கணக்கில் கையெழுத்துத் திரட்டினார்கள். அந்தக் கோடையில்தான் பாட்கள் அலை அலையாகத் தடை செய்யப்பட்டன. முடியாத வேலை என்றால் அப்போது எப்படி முடிந்தது?

பணத்தைப் பற்றி நீட்டிப் பேச எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஒரு ஸ்கின்னின் விலையை ரூபாயில் போடாமல் உங்கள் சொந்த நாணயத்தில் போடுகிறீர்கள், அந்த நாணயத்தை விற்கும் பொட்டலமோ நமக்குத் தேவையான அளவில் இருப்பதே இல்லை, எப்போதும் கொஞ்சம் மிச்சம் நிற்கும் அல்லது கொஞ்சம் குறையும். கிரேட் என்கிற மர்மப் பெட்டியைத் திறந்தால் என்ன கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பது எங்கோ நாலு பக்கம் உள்ளே, சின்ன ஆங்கில எழுத்தில். சீனா 2017-லேயே இந்த விகிதங்களை வெளியிட வைத்தது, தென் கொரியா 2024 மார்ச்சில் சட்டமாக்கியது, பெல்ஜியம் 2018-இல் பணம் கட்டித் திறக்கும் இந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் ரூபாய் விலையும் வாய்ப்பு விகிதமும் தமிழில் இருக்கட்டும். பிள்ளை அப்பாவின் போனில் விளையாட்டு நாணயத்தை டாப்-அப் செய்துவிட்டால் வீட்டுக்காரர் யாரிடம் போய்க் கேட்பது என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.

பணத்தைத் திரும்பக் கேட்டால் ஐடியையே பூட்டிவிடுவார்கள் என்ற பயம் எங்களிடம் பரவலாக இருக்கிறது. அது வெறும் வதந்தி இல்லை. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் எபிக் கேம்ஸ் மீது வைத்த குற்றச்சாட்டுகளில் அதுவும் ஒன்று: தங்களுக்குத் தெரியாமல் போன பணத்தைப் பற்றி அட்டை நிறுவனத்திடம் புகார் செய்தவர்களின் ஃபோர்ட்நைட் கணக்குகளை நிறுவனம் பூட்டியது என்பது. அந்த வழக்கில் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க 24.5 கோடி டாலர் கட்ட எபிக் ஒப்புக்கொண்டது. காசு கொடுத்தவன் கேள்வி கேட்கவே தயங்கும் நிலையை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

அடுத்து பிங், அதாவது நம் போனிலிருந்து சர்வருக்குச் செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம். இது எங்கள் ஊர்க்காரர்களின் நிரந்தரப் புலம்பல், இதில் எல்லாக் குற்றமும் உங்களுடையது இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர், போய்த் திரும்ப 29 மில்லிநொடி ஆகியே தீரும், கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நிஜத்தில் அதைவிடக் கூடும். இதை யாரும் ஏமாற்ற முடியாது. நாங்கள் கேட்பது வேறு. ராத்திரி எட்டு மணிக்கு, எல்லோரும் உள்ளே வரும் நேரத்தில், 50-இல் இருந்த பிங் சட்டென்று 200-ஐத் தாண்டுகிறதே, எதிரி நம்மைச் சுட்டு முடித்த பிறகு அவன் சுவருக்குப் பின்னாலிருந்து வெளியே வருவது நம் திரையில் தெரிகிறதே, அப்போது கேட்டால் "ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்" என்கிறீர்கள். ஒரே நேரத்தில் மதுரை, கோவை, யாழ்ப்பாணம் மூன்று ஊரிலும் எகிறினால் அது எங்கள் வீட்டு ரவுட்டர் இல்லை. சர்வர் நிலையைக் காட்டும் ஒரு பக்கத்தை உண்மையாக நடத்துங்கள். கோளாறு இருக்கும்போதும் பச்சை விளக்கு எரிகிற பக்கம் எங்களுக்கு எதற்கு? மேட்ச் தேடும்போது எந்த ஊர் சர்வரில் போடுகிறீர்கள் என்று காட்டுங்கள், வேண்டாம் என்றால் மறுக்க விடுங்கள். வால்வ் மும்பையோடு நிறுத்தாமல் சென்னையிலும் சர்வர் வைத்திருக்கிறது, ஆக, தெற்கே ஆள் இருக்கிறோம் என்பது உங்கள் துறைக்குத் தெரியாத சங்கதி இல்லை.

அப்படியே அப்டேட்டையும் சொல்லிவிடுகிறேன். இங்கே நிறையப் பேர் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்ற மொபைல் திட்டத்தில்தான் ஆடுகிறார்கள். அப்டேட்டே அதைவிடப் பெரியதாக வந்து, அதைப் போடாமல் உள்ளேயே விடமாட்டேன் என்றால் அன்றைய ஆட்டம் அவ்வளவுதான். எத்தனை ஜிபி, எந்த நாள் என்று முன்கூட்டியே சொன்னால் வைஃபை இருக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொள்வோம்.

நாங்கள் சொல்வதைக் கேட்டால் உங்களுக்கே லாபம் என்பதற்கு ஜிடிஏ ஆன்லைனைவிட நல்ல சாட்சி கிடையாது. 2013 அக்டோபரில் வந்த விளையாட்டு அது. உள்ளே போவதற்குள் நிமிடக்கணக்கில் ஏற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஏழு வருடத்துக்கு மேல் ஆட்கள் புலம்பினார்கள். கணினி பழசு, இணையம் மெதுவு என்று ஆளுக்கொரு சமாதானம். 2021-இன் தொடக்கத்தில் ஒரு ரசிகர், நிறுவனத்தின் மூல நிரல் கையில் இல்லாமலே, வெளியிலிருந்து அதைப் பிரித்துப் பார்த்தார். விளையாட்டுக்குள் வாங்கக்கூடிய பொருட்களின் பட்டியல் ஒன்று, சுமார் 10 எம்பி, 63,000 உருப்படிகள். அதை நிரல் படிக்கும் விதம் எப்படி இருந்தது என்றால், ஒவ்வொரு உருப்படியைப் படிக்கும்போதும் மிச்சமுள்ள மொத்த நீளத்தையும் முதலிலிருந்து எண்ணியது. அதோடு, படித்த ஒவ்வொன்றும் ஏற்கெனவே வந்துவிட்டதா என்று முன்பு வந்த எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்தது. அவர் எழுதிய சிறு திருத்தத்தில் அவருடைய கணினியில் ஏற்றும் நேரம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. விளையாட்டை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் அதை மார்ச்சில் ஏற்றுக்கொண்டு திருத்தத்தை வெளியிட்டது, அவருக்கு 10,000 டாலர் வெகுமதியும் கொடுத்தது. ராக்ஸ்டாரை இதற்காக மனதாரப் பாராட்டுகிறேன், அந்த ஆள் மேல் வழக்குப் போடாமல் நன்றி சொன்னார்களே. ஆனால் அந்த ஏழு வருடப் புகார்கள் யார் மேசையில் கிடந்தன? உங்கள் ஒவ்வொரு விளையாட்டிலும் இப்படி ஏதோ ஒன்று இப்போதும் கிடக்கிறது, நாங்கள் அதைத் தினமும் சொல்லிக்கொண்டும் இருக்கிறோம்.

எங்கள் குழுவின் அக்காவைப் பற்றி மேலே சொன்னேன். தெரியாதவர்கள் அணியில் இருந்தால் அவர் மைக்கை அணைத்துவிட்டுத்தான் ஆடுவார். குரல் கேட்ட மாத்திரத்தில் என்ன வரும் என்று இங்கே ஆடும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வார். மைக் இல்லாமல் ஆடினால் எதிரி எங்கே என்று சொல்ல முடியாது, தோற்றால் அதற்கும் திட்டு. உங்கள் வசை வடிகட்டி ஆங்கிலக் கெட்ட வார்த்தையை நட்சத்திரமாக்குகிறது, தமிழில் ஒருவன் வீட்டுப் பெண்களை இழுத்துத் திட்டினால், அதுவும் ஆங்கில எழுத்தில் தட்டினால், அப்படியே திரையில் ஓடுகிறது. தமிழ் பேசுகிறவர்கள் ஏழு கோடிக்கும் மேல், தமிழ் தெரிந்த நாலு பேரை வேலைக்கு வைத்து ரிப்போர்ட்டுகளைப் படிக்கச் சொல்வது உங்கள் வருமானத்துக்கு ஒரு செலவே இல்லை. அந்த வேலைக்கு மரியாதையான சம்பளம் கொடுங்கள், நாள் முழுக்க அந்த வசைகளைப் படிப்பது லேசான வேலை இல்லை.

ஈழத்திலிருந்து ஆடுகிறவர்களுக்கு இன்னொரு மனத்தாங்கல் இருக்கிறது. 2024 மே மாதம், ஹெல்டைவர்ஸ் 2 என்ற விளையாட்டைக் கணினியில் காசு கொடுத்து வாங்கி ஆடிக்கொண்டிருந்தவர்களிடம், இனி தன் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் கணக்கு கட்டாயம் என்று சோனி அறிவித்தது. அந்தச் சேவையே இல்லாத நாடுகள் நூற்றுக்கும் மேல், அதில் இலங்கையும் ஒன்று. எங்கள் யாழ்ப்பாணத்துத் தம்பி மாதிரி ஆட்கள் என்ன செய்ய வேண்டும், வேறு நாட்டுக்காரன் என்று பொய் சொல்லிக் கணக்குத் தொடங்க வேண்டுமா? உலகம் முழுக்க ஆட்கள் கொதித்து இரண்டு லட்சத்துக்கும் மேல் எதிர்மறை விமர்சனம் எழுதிய பிறகு சில நாட்களில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. அப்போதும் அந்த நாடுகளில் விற்பனை உடனே திரும்பவில்லை. எந்தெந்த நாட்டில் ஆள் ஆடுகிறான் என்ற பட்டியல் உங்களிடம் இருக்கிறது, அறிவிப்பதற்கு முன் அதை ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

கடைசியாக எனக்கு ரொம்பவும் மனசுக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன், சர்வரை மூடுவது. இந்தியாவில் இந்த அனுபவம் எங்களுக்கு நிறைய. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது, 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்தது, 2022 ஜூலை கடைசியில் அதுவும் ஸ்டோரிலிருந்து காணாமல் போய் 2023 மே மாதம்தான் திரும்பியது. அது அரசின் முடிவு, உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அந்தப் பத்து மாதமும் என்ன நடக்கிறது என்று யூட்யூபில் வதந்தியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பதைத்தான் சொல்கிறேன். ஆனால் ஒன்று, 2021-இல் பழைய ஐடியின் ஸ்கின்னையும் மற்றதையும் புதியதற்கு மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள். அன்றைக்கு எங்கள் குழுவில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை.

நீங்களே முடிவெடுத்து மூடும்போது அந்த அக்கறையைக் காணோம். யூபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் பந்தய விளையாட்டை 2024 மார்ச் 31-உடன் நிறுத்தியது. தனியாக ஆடும் பகுதியும் சர்வரை நம்பியே இருந்ததால் வட்டில் வாங்கி வைத்திருந்தவர்களாலும் அதன்பின் ஆட முடியவில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கிய பொருளை விற்றவன் வீட்டுக்கு வந்து எடுத்துப் போனால் சும்மா இருப்போமா? அதிலிருந்து பிறந்த ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம் ஐரோப்பியக் குடிமக்கள் மனுவில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவிலோ 2025 ஜனவரியிலிருந்து, உரிமம் மட்டும் தருகிற டிஜிட்டல் பொருளை, அதைத் தெளிவாகச் சொல்லாமல், வாங்குங்கள் என்று விளம்பரப்படுத்தக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. எதிர்ப்பு கிளம்பியபின் யூபிசாஃப்ட்டும் தி க்ரூ 2-க்கு இணையம் இல்லாமல் ஆடும் வழியைத் தருவதாக அறிவித்தது.

செலவு, பாதுகாப்பு, பாட்டு உரிமை, கார் உரிமை என்று நீங்கள் சொல்லும் தடைகள் எனக்குத் தெரியும், அவை பொய்யென்று சொல்லவும் மாட்டேன். ஆனால் நாக்அவுட் சிட்டி என்ற விளையாட்டை 2023 ஜூனில் மூடிய சின்ன நிறுவனம், ரசிகர்களே சொந்தமாக சர்வர் நடத்திக்கொள்ளும் பதிப்பை வெளியிட்டுவிட்டுத்தான் போனது. என்சிசாஃப்ட் நிறுவனம் 2012 நவம்பரில் சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற விளையாட்டை மூடியது, பின்னாளில் ரசிகர்கள் தாங்களே சர்வர் நடத்தத் தொடங்கினார்கள், அவர்கள் மேல் வழக்குப் போட்டு விரட்டாமல் 2024 ஜனவரியில் ஹோம்கமிங் என்ற அந்தக் குழுவுக்கு என்சிசாஃப்ட் முறைப்படி உரிமமே கொடுத்தது. நிறுவனம் கைவிட்டு 11 வருடம் கழித்து ஒரு ஊரே சட்டபூர்வமாகத் திரும்பக் கிடைத்த மாதிரி அந்த ஆட்களுக்கு இருந்திருக்கும்.

அதனால் என் வேண்டுகோள் இது. விற்பனைப் பக்கத்திலேயே, இந்த விளையாட்டின் சர்வர் குறைந்தது எந்தத் தேதி வரை இயங்கும் என்று எழுதிவிடுங்கள். மூட முடிவெடுத்தால் ஆறு மாதம் முன்பே சொல்லுங்கள், சொன்ன நாளிலிருந்து டாப்-அப் விற்பதை நிறுத்துங்கள். தனியாக ஆடும் பகுதியை இணையம் இல்லாமல் இயங்க வையுங்கள், முடிந்தால் சர்வர் மென்பொருளை எங்களிடம் விட்டுப் போங்கள், மின்சாரக் கட்டணத்தையும் வாடகையையும் நாங்கள் பகிர்ந்து கொள்கிறோம். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதை, பெயர் போட்ட ஒரு மனிதர் எழுதிய பதிலாக, அதே அறிவிப்பில் தமிழிலும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து உங்கள் விளையாட்டுகளை ஆடும் ஒருவன்